திருத்தியவர்: யோகலிங்கம்

அத்தியாயம் 14

“மிஸ்ஸுக்குத் தேத்தண்ணி குடுத்தாச்சோ?”

வாசலில் நின்றபடி யோகலிங்கம் கேட்டார். கேட்டது குசினிக்குள் நின்ற மனைவி தவமணியை. மிஸ் என்றது, கதிரையில் இருந்து செருப்பு வாரைக் கொழுவிக்கொண்டிருந்த சொந்த மகளை.

இரண்டு மாதமாகச் சல்லிக் கிராமத்து அந்த வீட்டில் இதுதான் கதை. விடாமல் வாசித்து வருகிறவர்களுக்குக் காரணம் தெரியும். இந்தக் கிழமைதான் வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிட்டால் போகிறது.

யோகலிங்கம் பைபர் படகு வேலைக்காரர். கடலில் அடிபட்டு வருகிற படகுகளைச் சல்லிக் கரையில் உள்ள தன் கொட்டிலுக்குள் ஏற்றி, வெடிப்பை உரஞ்சி, ரெசின் போட்டு, திரும்பவும் தண்ணீரில் இறக்கிவிடுவது அவர் தொழில். வேலை முடிந்ததும், இன்ன பழுது, இன்ன வேலை செய்தேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பார். நகரத்தில், உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிற கரையோரப் படகுச் சமாசம் என்கிற கூட்டமைப்பில் அந்தக் கடிதத்தைக் கொடுத்தால், அங்கே கணினிப் பதிவேட்டில் அந்தப் படகுக்கு நேரே ‘பழுது’ என்று இருப்பதை எடுத்துவிட்டு, ‘கடலுக்குத் தகுதி’ என்று போடுவார்கள். அது விழுந்தால்தான் படகுக்குக் கடல் பாஸ், கடலில் இறங்குவதற்கான அனுமதி.

அந்தச் சமாசத்தில்தான் மகள் பிரசாந்தி மூன்று வருடமாகத் தற்காலிக எழுதுவினைஞர். முன்பெல்லாம் கடிதத்தை யோகலிங்கமே கொண்டுபோவார். மகளின் மேசைக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, வருகிற போகிற எல்லாருக்கும் ‘இது என்ர மூத்தவள்’ என்று சொல்லி, தேத்தண்ணியும் குடித்துவிட்டுத்தான் எழும்புவார். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் பிரசாந்தி மெதுவாகச் சொன்னாள், இனிமேல் கடிதத்தைப் படகுக்காரரிடமே கொடுத்துவிடுங்கள் என்று. அப்பா படகு வேலை செய்கிறார், மகள் தகுதி போடுகிறாள் என்று நாளைக்கு ஒரு கதை வரக்கூடாதாம்.

அவர் எழும்பிப் போனார். அன்றிலிருந்து அந்த ஒபிஸ் படியில் கால் வைக்கவில்லை. வீட்டில் மகளுக்குப் பெயரும் மாறிவிட்டது.

இன்று வெள்ளிக்கிழமை. மட்டக்களப்பில் இருக்கிற தலைமை அலுவலகத்திலிருந்து ஸெய்னுதீன் என்ற அதிகாரி வருகிறார். பிரசாந்தி செய்து வைத்திருக்கிற ஒரு காரியத்தைப் பார்க்கத்தான் வருகிறார். அவருக்குப் பிடித்தால் அது எல்லாக் கிளைகளுக்கும் போகும். அவளுடைய நிரந்தர நியமனமும் அவர் எழுதப்போகிற அறிக்கையோடுதான்.

தவமணி மகளின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். யோகலிங்கம் தெருவைப் பார்த்தபடியே மனைவிக்குச் சொன்னார்.

“பெரிய அதிகாரி வாறாராம். வரட்டும். அவையின்ர ஒபிசில ஒருத்தருக்கும் தெரியாத வேலையை எங்கட வீட்டு மிஸ் செய்து வச்சிருக்கிறா. பாத்துப் படிச்சுக்கொண்டு போகட்டும்.”

குத்தலா, பெருமையா என்று பிரிக்க முடியாத மாதிரித்தான் அவர் எப்போதும் கதைப்பார். பிரசாந்தி தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

*

அவள் செய்து வைத்திருந்த காரியம் இதுதான்.

சமாசத்தில் நாலு கணினி. நாலிலும் திறப்பது ஒரே பதிவேடு, ஆயிரத்துச் சொச்சம் படகுகள். ஒருவர் மாற்றுவது மற்றவருக்குத் தெரியாது. காலையில் ‘பழுது’ என்றிருந்த படகு பின்னேரம் ‘தகுதி’ ஆகியிருக்கும். ஆர் மாற்றியது என்று கேட்டால் நாலு பேரும் ஒரே குரலில் ‘நானில்லை’ என்பார்கள். ஒரு முறை படகுச் சொந்தக்காரர் ஒருவரின் பெயரே மாறிப்போய், தன் படகு தன்னுடையதுதான் என்று சொல்ல அந்த மனுசன் மூன்று தரம் கிண்ணியாவிலிருந்து வந்து போனார்.

அதைப் பார்த்த பிறகுதான் பிரசாந்தி தொடங்கினாள். படித்து, பிழைவிட்டு, திரும்பச் செய்து, ஏழு மாதம் போனது. இப்போது பதிவேட்டில் ஆர் எதை மாற்றினாலும், பின்னால் இன்னொரு பட்டியலில் ஒரு வரி தானாக விழும். எந்த நாள், எத்தனை மணி, எந்தப் படகு, முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன, எந்தக் கணினி. அதைச் செய்த அவளைத் தவிர வேறு ஒருவராலும் அந்தப் பட்டியலில் கைவைக்க ஏலாது. கடைசிக் கட்டம் மட்டும் கையால் நிரப்புவது. நாலு கணினியும் ‘ஒபிஸ்’ என்ற ஒரே பெயரில் திறப்பதால், முன்னால் இருக்கிற ஆள் ஆரென்று கணினிக்குத் தெரியாது. ஆகவே ‘திருத்தியவர்’ என்று தலைப்புப் போட்டு ஒரு கட்டம் வைத்திருந்தாள். அதில் ஒரு பெயரை அடிக்காமல் அடுத்த படகுக்குப் போக முடியாது.

சாய்ந்திருந்து கேட்கத் தொடங்கிய ஸெய்னுதீன், பாதியில் நிமிர்ந்து இருந்தார். கல்முனைக்காரர், ஐம்பது வயது இருக்கும், சிரிப்பை மீசைக்குள் வைத்திருக்கிற ஆள். தானே போய்ப் பக்கத்துக் கணினியில் ஏதோ செய்துவிட்டு வந்து, என்ன செய்தேன் சொல்லுங்கள் பார்ப்போம் என்றார். பிரசாந்தி தன் திரையைப் பார்த்தாள்.

“முன்னூற்றி ரெண்டாம் படகைப் பழுது எண்டு மாத்தினீங்கள், சேர். பிறகு பழையபடி தகுதி எண்டு வச்சிருக்கிறீங்கள். ரெண்டும் விழுந்திருக்கு. திருத்தியவர் எண்ட இடத்தில ‘நான்’ எண்டு அடிச்சிருக்கிறீங்கள்.”

ஸெய்னுதீன் வாய்விட்டுச் சிரித்தார். இப்படி ஒன்றைத் தன் வீட்டுக் குசினி அலுமாரிக்கும் பூட்டித் தந்தால், பொரிச்ச மீனை ஆர் எடுக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம் என்றார். முகாமையாளர் கோணேஸ்வரனும் சிரித்தார். எதிர் மேசை எழுதுவினைஞர் பக்கீர், இருந்த இடத்திலிருந்தே பெருவிரலைக் காட்டினான். அந்த நிமிடத்தில் பிரசாந்திக்கு முதுகு தானாக நேராகியது. ஏழு மாதமும் வீண்போகவில்லை.

ஸெய்னுதீன் பட்டியலைத் தானே மேலே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் கை நின்றது.

“யோகலிங்கம் எண்டு இங்க ஆர் வேலை செய்யிற?”

பிரசாந்தி குனிந்து பார்த்தாள்.

போன செவ்வாய்க்கிழமை, பதினொன்று ஐம்பது. படகு நானூற்றுப் பதினேழு, கிண்ணியா அபூதாஹிருடையது. முன்பு ‘பழுது’. இப்போது ‘கடலுக்குத் தகுதி’. கணினி மூன்று. திருத்தியவர்: யோகலிங்கம்.

கணினி மூன்று அவளுடையது.

“இங்க அப்பிடி ஒருத்தரும் இல்லை, சேர்,” என்றாள். மிச்சத்தையும் தானே சொன்னாள். “அது என்ர அப்பான்ர பேர். படகு வேலை செய்யிறவர். அந்தப் படகுக்குக் கடிதம் தந்ததும் அவர்தான்.”

ஸெய்னுதீனின் மீசைக்குள் இருந்த சிரிப்பு போய்விட்டது. அந்தப் படகின் கோப்பைக் கேட்டு வாங்கினார். கடிதம் இருந்தது, யோகலிங்கத்தின் உருண்டைக் கையெழுத்தில். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. கடிதம் தந்தவரே உள்ளே வந்து, மகளின் கணினிக்கு முன்னால் இருந்து, தான் வேலை செய்த படகுக்குத் தானே தகுதி போட்டிருக்கிறார் என்றுதான் இந்த வரி சொல்கிறது, இதை எழுதாமல் விட என்னால் ஏலாது என்று தணிந்த குரலில் சொன்னார்.

அன்று முற்பகல் முழுக்கத் தான் ஒபிஸ் வேலையாகக் கச்சேரிக்கு, மாவட்டச் செயலகத்துக்கு, போயிருந்ததாகப் பிரசாந்தி சொன்னாள். அப்படியென்றால் உங்கள் கதிரையில் இருந்தது ஆர் என்று அவர் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. பக்கீர் அன்று வெளிவேலைக்குப் போனவன். முகாமையாளர் தனக்கும் தெரியாது என்றார். மற்ற எழுதுவினைஞர் ரிஸ்லாவுக்கு இன்று லீவு. நாலு தரம் எடுத்தும் அவளுடைய போன் பதில் சொல்லவில்லை.

ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. ஸெய்னுதீன் எழும்பினார்.

“நான் தொழுதுட்டு வாறன், மிஸ். ரெண்டரைக்கு உங்கட வாப்பாவை இங்க வரச் சொல்ல ஏலுமா? அவர்ட வாயால கேட்டுட்டுத்தான் எழுதுவன்.”

*

பக்கீரும் தொழுகைக்குப் போய்விட்டான். முகாமையாளர் கோணேஸ்வரன் அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். உனக்கு நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்ற மாதிரித்தான் தொடங்கினார். ஒரு வரிதானே. செய்தது நீ. உன் கையால் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால், அதிகாரி வரும்போது காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. அப்பாவையும் இந்த வயதில் படியேற்ற வேண்டியதில்லை.

“எடுத்தா, எடுத்ததும் ஒரு வரியா விழும், சேர்,” என்றாள் பிரசாந்தி.

“அதை நிப்பாட்டிப்போட்டு எடுக்க ஏலாதோ?”

“ஏலும்.”

அவர் விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினார்.

“நான் செய்யமாட்டன், சேர். பிறகு இது எதுக்கு?”

கோணேஸ்வரன் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் அறைக்குள் போனார். மூன்று வருடமாகக் காத்திருக்கிற நியமனம் அந்த ஒரு வரிக்குக் கீழே கிடந்தது. ஆனால் அதைவிட அவளை அரித்தது, அப்பா உண்மையாகவே வந்து போனாரா என்ற கேள்வி. வீட்டுக்குப் போன் எடுத்தாள்.

தவமணி முதலில் அடித்துச் சொன்னாள். நீ வரவேண்டாம் என்ற பிறகு அந்த மனுசன் அந்தத் தெருவாலேயே போவதில்லை என்றாள். போன செவ்வாய் எங்கே போனவர் என்று பிரசாந்தி கேட்டதும் குரல் இறங்கியது. அன்று ரெசின் வாங்க டவுனுக்குப் போனவர்தான். மூன்று மணிக்குத் திரும்பி, பசிக்கவில்லை என்று சோற்றைத் தொடாமல் இருந்தவர்தான்.

பிரசாந்தி போனை வைத்துவிட்டு யன்னலால் பார்த்தாள். துறைமுகத் தண்ணீர் ஒரு சலனம் இல்லாமல் கிடந்தது. அபூதாஹிர் அவசரப்படுத்தியிருப்பார். அப்பா மகளின் முகத்தைப் பார்க்கலாம் என்று படியேறியிருப்பார். கதிரை வெறுமையாக இருந்திருக்கும். நீங்களே அடியுங்கள், ஐயா என்று ஆரோ சொல்லியிருப்பார்கள். போனில் ஒற்றை விரலால் எழுதுகிறவர்தானே. தன் பெயரையும் நேர்மையாகப் போட்டுவிட்டு எழும்பியிருப்பார். நினைக்க நினைக்க அது நடந்த மாதிரியே இருந்தது.

அப்படி நினைப்பதற்கு வெட்கமாகவும் இருந்தது.

*

இரண்டு பத்துக்கே யோகலிங்கம் வந்துவிட்டார். சாம்பல்தீவுச் சந்தியில் பஸ் ஏறி வந்திருக்கிறார். கலியாண வீட்டுக்குப் போடுகிற வெள்ளைச் சேர்ட். விரல் இடுக்குகளில் மட்டும், எத்தனை உரஞ்சினாலும் போகாத ரெசின். வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்ன பிறகு வந்தார். இருக்கச் சொன்ன பிறகு இருந்தார், கதிரையின் நுனியில்.

தொழுகை முடிந்து வந்த ஸெய்னுதீன் அவருக்கு ஸலாம் சொல்கிற மாதிரி நெஞ்சில் கை வைத்தார். இவர் உங்களுக்கு மகள்தானே என்று பிரசாந்தியைக் காட்டிக் கேட்டார்.

“வீட்டில மகள்,” என்றார் யோகலிங்கம். “இங்க மிஸ்.”

ஸெய்னுதீன் திரையை அவர் பக்கம் திருப்பிவைத்தார். பேனாவை எடுத்தார்.

“ஐயா, நானூற்றிப் பதினேழு எண்ட படகு. அபூதாஹிர்ட. இதில திருத்தியவர் எண்டு உங்கட பேர் கிடக்கு. நீங்களா திருத்தின?”

யோகலிங்கம் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, திரையை வாசித்தார். தலையை ஆட்டினார்.

“ஓம். நான்தான் திருத்தினனான்.”

முகாமையாளர் பெருமூச்சு விட்டார். பிரசாந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

“உங்களுக்கு ஆர் சொன்ன திருத்தச் சொல்லி?”

“ஆர் சொல்லுறது? படகுக்காரன்தான்.”

“படகுக்காரர் சொன்னா உடனே திருத்திப்போடுவீங்களா?”

“பின்ன? அவற்ற படகு. அவர் சொல்லாம வேற ஆர் சொல்லோணும்?”

ஸெய்னுதீன் எழுதிக்கொண்டே கேட்டார். “இந்த மிஸ்ஸுக்குத் தெரியுமா?”

“இவக்கு ஏன் சொல்லோணும்? இவக்கு அந்த வேலையில ஒண்டும் தெரியாது.”

எதிர் மேசையில் பக்கீர் இருமினான்.

“சரி, ஐயா. திருத்த எவ்வளவு நேரம் எடுத்த?”

“நேரமோ?” யோகலிங்கம் கண்ணாடிக்கு மேலால் அவரைப் பார்த்தார். “பதினெட்டு நாள்.”

பேனா நின்றது.

“பதினெட்டு நாளா?”

“மழை வந்திட்டுது, தம்பி. ரெசின் காய விடோணும். இல்லாட்டிப் பதினைஞ்சு நாளில முடிச்சிருப்பன்.”

“எங்க வச்சு?”

“என்ர கொட்டிலுக்க. சல்லிக் கரையில. அடிப்பாகம் இடப்பக்கம் ரெண்டு முழத்துக்கு வெடிச்சிருந்தது. முந்தி ஆரோ மேலால மெழுகிவிட்ட மாதிரிப் பூசியிருந்தவங்கள். அதை முழுக்க வெட்டி எடுத்துப்போட்டு, நாலு அடுக்குப் போட்டனான். நீங்கள் வேணுமெண்டா வந்து சுத்தியலால தட்டிப் பாருங்கோ. திருத்தினது யோகலிங்கம் எண்டு அந்தப் படகே சொல்லும்.”

முதலில் சிரித்தது பிரசாந்தி. சிரிப்பென்று தொடங்கியது, வாயைப் பொத்திக்கொண்ட கைக்குள்ளேயே அழுகையாக மாறிக்கொண்டு வந்தது. ஸெய்னுதீன் திரையைப் பார்த்தார், யோகலிங்கத்தைப் பார்த்தார், அந்த ஒரு சொல்லைத் திரும்ப வாசித்தார்.

“திருத்தியவர்,” என்றார் மெதுவாக.

“ஓம். படகு திருத்தியவர்,” என்றார் யோகலிங்கம், சின்னப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. “இந்தக் கரையில திருத்திறதெண்டா வேற என்னத்தைத் திருத்திறது?”

அந்த நேரம் பார்த்து ரிஸ்லா போன் எடுத்தாள். கிண்ணியாவில் மச்சியின் கலியாண வீடு, சத்தத்தில் போன் கேட்கவில்லை என்றாள். பிரசாந்தி எல்லாருக்கும் கேட்க வைத்தாள். ஓம் அக்கா, செவ்வாய்க்கிழமை தன் கணினி இறுகிப்போய் நின்றதால், அக்காவின் கணினியில் இருந்து தான்தான் அந்தப் படகுக்குத் தகுதி போட்டதாக ரிஸ்லா சொன்னாள். பிறகு ஏன் உன் பெயரைப் போடவில்லை என்று கேட்டதற்கு, அவளுக்கே கோபம் வந்தது.

“நான் எங்கக்கா திருத்தின? யோகலிங்கம் ஐயா திருத்தின படகுக்கு என்ட பேரைப் போட்டா, அந்த மனுசன் என்ன நினைப்பார்?”

*

ஸெய்னுதீன் முகத்தைக் கழுவிவிட்டு வந்தார், சிரித்ததில் கண்ணெல்லாம் தண்ணீர். யோகலிங்கத்துக்குத் தேத்தண்ணி வந்தது. அவர் இப்போது கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தார். செவ்வாய்க்கிழமை ஏன் சாப்பிடவில்லை என்று பிரசாந்தி இடையில் காதோடு கேட்டாள். ரெசின் கடைக்குப் பக்கத்தில் மூன்று றோல்ஸ் சாப்பிட்டதை அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்றார்.

ஆனால் பிரசாந்தி அதோடு விடவில்லை. எழும்பி நின்று, ரிஸ்லாவில் பிழை இல்லை, பிழை தலைப்பு வைத்தவளில் என்றாள். புத்தகத்தில் கிடந்த சொல்லை எடுத்துப் போட்டேன், இந்த ஒபிசுக்கு வருகிற சனத்தின் வாயில் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை, இதையும் நீங்கள் எழுதத்தான் வேண்டும் என்றாள்.

“எழுதினா உங்கட நியமனத்துக்கு ஒரு கறுப்புப் புள்ளி, மிஸ்.”

“பரவாயில்லை, சேர். பட்டியல்ல விழட்டும்.”

எல்லாருக்கும் முன்னால் அவள் தலைப்பை மாற்றினாள். பின்னால் ஒரு வரி தானாக விழுந்தது. முன்பு ‘திருத்தியவர்’. இப்போது ‘பதிவை மாற்றியவர்’. கணினி மூன்று. கடைசிக் கட்டத்தில் அவள் தன் பெயரை முழுசாக அடித்தாள்: யோகலிங்கம் பிரசாந்தி.

ஸெய்னுதீன் அந்த வரியை அச்செடுத்து வாங்கி, அறிக்கைக்கு மேல் குத்திக்கொண்டார். கறுப்புப் புள்ளி என்று சொன்னேன், ஆனால் வாசிக்கிறவர்கள் அதை எப்படி வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும் என்றார். முந்திய வரிகளிலும் இப்படிப் படகு வேலைக்காரரின் பெயர்கள் கிடக்கும், ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரியான பெயரைக் குறித்து வரும் வெள்ளிக்கு முன் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுத் தன் வான் வண்டியில் ஏறினார். அப்போது நேரம் மூன்றரை.

யோகலிங்கம் எழும்பவில்லை. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றார். பிறகு திரையைப் பாராத மாதிரிப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“என்ர பேர் எத்தினை இடத்தில கிடக்கு?”

“ஏன் அப்பா?”

“சும்மாதான்.”

பிரசாந்தி தேடி எடுத்தாள். ஒன்பது வரி. அவர் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். அவள் இலக்கத்தை வாசிக்க வாசிக்க, அவர் திரையைப் பார்க்காமலேயே படகைச் சொன்னார். இருநூற்றுப் பதினொன்று இறக்கக்கண்டிக்காரருடையது, முன்பக்கம் கல்லில் ஏறினது. எழுநூற்று மூன்று நிலாவெளி, இஞ்சின் பூட்டுகிற பின்பலகை உக்கிப்போனது. எண்பத்தெட்டு பழைய படகு, விட்டுவிடு என்று சொல்லியும் கேளாமல் கொண்டுவந்து நின்ற ஆள், இப்போதும் ஓடுகிறது. அவருடைய குரலில் ஏறிவந்த பெருமையைக் கேட்டுக்கொண்டே அவள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், எந்தக் கணினி, அன்று எந்த எழுதுவினைஞர் என்று குறித்துக்கொண்டு போனாள். ரிஸ்லா, ரிஸ்லா, பக்கீர், ரிஸ்லா. இந்த மனுசனுக்குக் கணினியும் தேவையில்லை, பட்டியலும் தேவையில்லை என்று நினைத்தாள். இவரையா சந்தேகப்பட்டேன் என்றும் நினைத்தாள்.

“ஐந்நூற்றித் தொண்ணூற்றி ரெண்டு,” என்று வாசித்தாள்.

யோகலிங்கம் முதல் தரமாகத் திரும்பித் திரையைப் பார்த்தார்.

“ஐந்நூற்றித் தொண்ணூற்றி ரெண்டு, அப்பா. வெருகல் பக்கத்துப் படகு.”

“அது நானில்லை.”

“வடிவா யோசியுங்கோ. போன மாசம் இருபத்தோராம் திகதி.”

“பிள்ளை.” இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் அவளை அப்படிக் கூப்பிட்டார், கூப்பிட்டதை அவரே கவனிக்கவில்லை. “நான் கைவச்ச படகை எனக்குத் தெரியாதோ? வெருகல் படகு ஒண்டும் இந்த வருசம் என்ர கொட்டிலுக்கு வரேல்லை. முந்தி என்ன பழுதெண்டு கிடக்கு?”

“அடிப்பாகம் நீளத்துக்கு வெடிப்பு.”

அவள் கடிதக் கோப்பை எடுத்துப் பார்த்தாள். ஐந்நூற்றித் தொண்ணூற்றி இரண்டுக்குக் கடிதம் இல்லை. திரும்பி வந்து வரியை முழுசாக வாசித்தாள். மாலை ஆறு பத்து. நாலரைக்கு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கணினி ஒன்று. கணினி ஒன்று இருப்பது முகாமையாளரின் அறைக்குள்.

பாஸ் பட்டியலைத் திறந்தாள். அந்தப் படகு இன்று விடிய நாலு பேரோடு கடலுக்கு இறங்கியிருந்தது. திரும்பி வந்ததாகப் பதிவு இல்லை.

யோகலிங்கம் தன் போனை எடுத்து, வெருகல் பக்கம் தெரிந்த படகுக்காரரின் இலக்கங்களை ஒற்றை விரலால் தேடத் தொடங்கிவிட்டார். முகாமையாளரின் அறைக்குள் மேசை லாச்சி இழுபடுகிற சத்தம் கேட்டது. பிரசாந்தி தன் போனைக் கையில் எடுத்து, எடுத்தபடியே நின்றாள். காலையில் வந்த பழி இப்போதுதான் கழன்றது. அறிக்கையும் கையெழுத்தாகிப் போய்விட்டது. இப்போது இதைச் சொன்னால், திரும்பவும் அதே பெயர், அதே மகள்.

“அப்பா, இதுவும் உங்கட பேரில கிடக்கு.”

“அதாலதான் சொல்லுறன்,” என்றார் யோகலிங்கம். “என்ர பேரில ஒரு வெடிச்ச படகு கடலில நிக்கேலாது. அதிகாரிக்குப் போன் எடு.”

அவள் எடுத்தாள். மறுபக்கம் வான் வண்டியின் இரைச்சலும் காற்றும் கேட்டன. கிண்ணியாப் பாலத்துக்குக் கிட்ட வந்துவிட்டோம், என்ன மிஸ், ஏதும் மறந்துபோனேனா என்று ஸெய்னுதீன் கேட்டார். முகாமையாளரின் அறைக் கதவு திறந்தது. கோணேஸ்வரன் அறையைப் பூட்டுகிற திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

பிரசாந்தி குரலைத் தணிக்கவில்லை.

“சேர், வானைத் திருப்புங்கோ. நீங்கள் எழுதினது இன்னும் முடியேல்லை.”